பூனை சொன்ன பேச்சு கேட்குமா?

எட்டு மாதக் கடுவன் பூனை, பெயர் புஜ்ஜி. ‘உட்கார்’, ‘வா’, ‘இறங்கு’ என்ற மூன்றையும் இரண்டு வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டு நாய்க்குட்டி இதே இரண்டு வாரத்தில் கை கொடுக்கப் பழகிவிட்டது. புஜ்ஜி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. ‘பூனைக்கு அறிவு கம்மியா, இல்லை திமிரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி அப்படி இருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று படுகிறது: அதற்குப் புரியாததால் கேட்கவில்லையா, புரிந்தும் கேட்கவில்லையா, இதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா? தொடரலாம். ஆனால் இப்போது செய்துகொண்டிருக்கும் விதத்தில் வேண்டாம்.

கால்நடை மருத்துவம் என் தொழில். நாய், பூனை மட்டும் பார்க்கும் சின்ன கிளினிக். எங்கள் படிப்பில் மாடும் ஆடும் கோழியும்தான் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். பூனையின் நடத்தை பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்புறம் தேடிப் படித்தது. மீதி, கிளினிக்குக்குத் தூக்கிவரும் கூடையை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்த பூனைகள் கற்றுக்கொடுத்தது. ஆகவே வீட்டுக்கு உபயோகமான நாலு விஷயங்களைத்தான் சொல்லப் போகிறேன். சர்க்கஸ் வித்தை என் துறை இல்லை.

முதலில் அறிவு விஷயம். மீன்காரர் தெருமுனையில் ஹாரன் அடித்தால் புஜ்ஜி மொட்டை மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்துவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹாரனுக்கு அதை யாரும் உட்கார வைத்துப் பழக்கவில்லை. சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் மீன் தலை கிடைத்தது. சில தடவையில் கணக்குப் போட்டுக்கொண்டது. விடிகாலையில் கால் விரலைக் கடித்து எழுப்புகிறது என்ற புகாரும் இதே கணக்குதான். கடித்தால் எழுந்து போய் ஏதோ ஒன்றைத் தட்டில் போடுகிறீர்கள் இல்லையா? உங்கள் வீட்டில் பயிற்சி ஏற்கெனவே மும்முரமாக நடக்கிறது. யார் யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் இடம் மாறிவிட்டது.

விலங்குகள் எப்படிக் கற்கின்றன என்ற ஆராய்ச்சியின் தொடக்க காலத்திலேயே பூனை இருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் தார்ன்டைக் மரச்சட்டங்களால் கூண்டுப் பெட்டிகள் செய்து, பசித்த பூனையை உள்ளே விட்டு, வெளியே தீனி வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ ஒரு பலகையை மிதித்தாலோ கதவு திறக்கும். முதல் தடவை பூனை கம்பியைக் கடித்து, பிறாண்டி, தற்செயலாக வெளியே வந்தது. திரும்பத் திரும்ப விட்டபோது நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் உள்ளே விட்டதும் நேராக வளையத்துக்கே போனது. 1898-இல் வெளியான இந்த ஆய்விலிருந்துதான், நல்ல பலன் கொடுத்த செயல் மறுபடி நடக்கும் என்ற விதி கிளைத்தது. அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு சங்கதி உண்டு. சில பூனைகளுக்கு, தன் உடம்பை நக்கிக்கொண்டால் கதவைத் திறந்துவிட்டார். அதையும் கற்றுக்கொண்டன. ஆனால் போகப் போக அந்த நக்கல் சுருங்கி, தலையைச் சட்டென்று ஒரு பக்கம் சாய்த்து நிமிர்வதோடு நின்றுவிட்டது. அதற்கே கதவு திறந்தால் பூனை ஏன் முழுதாக நக்க வேண்டும்? புஜ்ஜி நாளைக்கு இடுப்பைப் பாதி இறக்கிவிட்டு உங்கள் கையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு முழுக்கூலி கொடுத்தால் அப்புறம் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் நாய்? ‘எள்’ என்பதற்குள் எண்ணெயாக வந்து நிற்கிறதே. 2005-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரே சோதனையை வைத்தார்கள். எந்தக் கிண்ணத்தில் தீனி இருக்கிறது என்று மனிதர் விரல் நீட்டிக் காட்டினால், அதைப் பிடித்துக்கொள்வதில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அடுத்த சோதனையில் தீனியை எடுக்கவே முடியாதபடி கட்டிவைத்தார்கள். நாய்கள் சீக்கிரமே திரும்பி வளர்ப்பவர் முகத்தைப் பார்த்தன. பூனைகள் அந்தப் பாத்திரத்தோடேயே மல்லுக்கட்டின. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நாய்க்கு உங்கள் முகமே பாதிக் கூலி, ‘சபாஷ்’ என்றாலே வாலாட்டும். பூனைக்குக் கையில் ஏதாவது வர வேண்டும். தனியாக எலி பிடித்துத் தின்று வாழ்ந்த காட்டுப்பூனையின் வழித்தோன்றலுக்கு, இன்னொருவர் ஏவலுக்கு ஓடும் பழக்கம் எங்கிருந்து வரும்? திமிர் என்ற பேச்சே வேண்டாம்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். கிண்ணத்தில் நாள் முழுக்கத் தீனி இருந்தால் எதுவும் நடக்காது. இரண்டு வேளையாகவோ மூன்று வேளையாகவோ பிரித்து, வைத்துச் சற்று நேரத்தில் எடுத்துவிடுங்கள். வேளைக்கு முன்னால் வரும் பசிதான் பயிற்சி நேரம். இதையே சாக்காக வைத்துப் பட்டினி போட்டுவிடாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இதில் சந்தேகமே இல்லை. கூலிக்கு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக் கறியோ மத்தி மீனோ, துவரம்பருப்பு அளவுக்குப் பிய்த்தது போதும். குழம்பு மீன் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். பிஸ்கட்டின் இனிப்பு அதன் நாக்குக்கு எட்டவே எட்டாது, பூனைக்கு இனிப்புச் சுவை உணரும் ஏற்பி வேலை செய்வதில்லை. பால் பல வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும். கொடுக்கும் துணுக்குகள் எல்லாம் சேர்ந்து அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

சில பூனைகள் தீனியைவிடக் கொஞ்சலுக்கு மயங்கும். 2017-இல் அமெரிக்காவில் பூனைகளுக்கு முன்னால் தீனி, விளையாட்டுப் பொருள், வாசனை, மனிதர் என்று வைத்து எது வேண்டும் என்று பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பூனைகள் மனிதரைத் தேர்ந்தெடுத்தன. புஜ்ஜி எந்தக் கட்சி என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தீனியை முகர்ந்துவிட்டு உங்கள் காலில் வந்து உரசினால், தாடைக்கு அடியில் சொறிந்துவிடுவதையே கூலியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஒரு சத்தம் வேண்டும். பயிற்சியாளர்கள் கிளிக்கர் என்ற சின்னக் கருவியை வைத்திருப்பார்கள். நமக்கு, தலையை அழுத்தினால் ‘டிக்’ என்று கேட்கும் பால்பாயின்ட் பேனா போதும். சத்தமும் மென்மை, பயந்த பூனை மிரளாது. ‘டிக்’, உடனே ஒரு துணுக்கு. அதைத் தின்று முடித்ததும் மறுபடி ‘டிக்’, துணுக்கு. இப்படி ஒரு பத்துத் தடவை. ‘டிக்’ கேட்டதும் தலையைத் தூக்கி உங்கள் கையைப் பார்க்கிறதா, சத்தம் பழகிவிட்டது. இது எதற்கு என்றால், பூனை உட்கார்ந்த அந்த நொடிக்கும் நீங்கள் டப்பாவைத் திறந்து கறியை எடுத்து நீட்டும் நொடிக்கும் நடுவில் அது எழுந்து, திரும்பி, ஒரு கொட்டாவியும் விட்டிருக்கும். எதற்குக் கூலி என்று அதற்குத் தெரியாமல் போகும். ‘டிக்’ அந்த நொடியைப் பிடித்து வைக்கிறது.

இப்போது ‘உட்கார்’. வாயால் எதுவும் சொல்லாதீர்கள். தரையில் அதற்கு எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்தால் மேலே பாயப் போகிறீர்கள் என்று நினைக்கும். துணுக்கை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மூக்குக்கு ஒரு விரற்கடை மேலே காட்டுங்கள். மூக்குக்கு முன்னால் ஒரு சாணுக்குள் இருப்பது பூனைக்குச் சரியாகத் தெரியாது, மோப்பத்தில்தான் பிடிக்கும். அதனால் ஒரு நொடி முகரவிடுங்கள். பிறகு கையை மெதுவாக நெற்றி வழியாக, இரண்டு காதுக்கு நடுவில் பின்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போகும், கழுத்து பின்னால் வளையும், நிற்க வசதியில்லாமல் இடுப்பு தானாகத் தரையில் இறங்கும். இடுப்பு தரையைத் தொட்டதும் ‘டிக்’. துணுக்கை வாயருகே கொடுங்கள். கையை ரொம்ப உயரத் தூக்கினால் பின்னங்காலில் எழுந்து நின்று உங்கள் விரலைப் பிடித்து இழுக்கும். அப்படிச் செய்தால் கையை மூடிக்கொண்டு, கொஞ்சம் தாழ்வாக மறுபடி ஆரம்பியுங்கள். பின்னாலேயே நகர்ந்து போகும் பூனையை ஒரு சுவர் ஓரமாக வைத்துப் பழக்குங்கள். இடுப்பைக் கையால் அழுத்தி உட்கார வைப்பது மட்டும் கூடவே கூடாது. அழுத்தினால் பூனை எதிர்த்து எழும், அடுத்த முறை உங்கள் கையைக் கண்டாலே நகரும்.

கை நகர்ந்தாலே உட்காருகிறது என்ற நிலை வந்த பிறகுதான் சொல். ‘உட்கார்’ என்று ஒரே தடவை சொல்லி, ஒரு கணம் விட்டு, கையை நகர்த்துங்கள். நீங்கள் இரண்டு வாரம் செய்தது தலைகீழ்: அர்த்தம் பழகாத சொல்லை இருபது முறை சொல்லியிருக்கிறீர்கள். அது புஜ்ஜிக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகியிருக்கும். அதனால் வேறு சொல் வைத்துக்கொள்வது நல்லது. ‘குந்து’ என்று வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். வீட்டில் அம்மா ஒன்று, பிள்ளைகள் ஒன்று என்று ஆளுக்கொரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அது எழுந்து போகும் முன் நீங்கள் முடித்துவிடுங்கள். எத்தனை நாளாகும் என்று கேட்பீர்கள். 2017-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. காப்பகத்தில் இருந்த 100 பூனைகளுக்கு இரண்டு வாரத்தில் ஐந்தைந்து நிமிடமாகப் பதினைந்து முறை பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குச்சி முனையை மூக்கால் தொடுவதை 79 சதவீதம் கற்றுக்கொண்டன, சுற்றி வருவதை 60 சதவீதம். நீட்டிய உள்ளங்கையை முன்னங்காலால் தட்டுவதில் 31. உட்காருவதில் 27 மட்டுமே. நீங்கள் எடுத்த எடுப்பிலேயே இருப்பதில் கஷ்டமான பாடத்தை எடுத்திருக்கிறீர்கள். குச்சியைத் தொடுவதில் தொடங்கிப் பாருங்கள். ஒரு பழைய பென்சில் போதும். முகர வரும்போது மூக்கு பட்டதும் ‘டிக்’. அது பழகிவிட்டால் பென்சிலை நகர்த்தி நாற்காலி மேல் ஏற்றலாம், இறக்கலாம், கூடைக்குள் அனுப்பலாம்.

‘வா’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு விதி போதும்: ‘புஜ்ஜி வா’ என்று கூப்பிட்டு வந்த பூனைக்கு ஒருநாளும் கெட்டது நடக்கக் கூடாது. நகம் வெட்ட, மருந்து கொடுக்க, குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்கள் எழுந்து போய்த் தூக்குங்கள். மூன்றடி தூரத்தில் தொடங்கி, அடுத்த அறை, அப்புறம் மாடிப்படி என்று தூரத்தைக் கூட்டுங்கள். மற்றதெல்லாம் விளையாட்டு என்றாலும் இது உயிர் காக்கும் பாடம். தீபாவளி வெடிக்கு மிரண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பூனை, பழகிய சத்தத்துக்கு வெளியே வர ஒரு வாய்ப்பாவது இருக்கும். ரொம்பவும் மிரண்டுபோன பூனை அப்போதும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘இறங்கு’தான் வம்பு. அடுப்பு மேடையில் மீன் வாசனை வருகிறது, உயரமாக இருக்கிறது, மொத்த வீடும் தெரிகிறது. இவ்வளவு இருக்கும் இடத்தை விட்டு ஒரு சொல்லுக்காக எதற்கு இறங்க வேண்டும்? பலர் தண்ணீர் தெளிப்பார்கள். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது ஏறக் கூடாது என்பதைப் பூனை அதில் நன்றாகக் கற்றுக்கொள்ளும். நீங்கள் தூங்கப் போன பிறகு மேடை அதனுடையது. அதைவிட, மேடைக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மேலே பழைய துண்டை விரியுங்கள். ஸ்டூலில் இருக்கும் நேரத்தில் மட்டும் ‘டிக்’கும் துணுக்கும். மேடையில் ஏறினால் பென்சிலைக் காட்டி ஸ்டூலுக்கு வரவையுங்கள். மேடையில் மீன் தட்டைத் திறந்து வைத்துவிட்டு இந்தப் பாடம் நடத்த முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றை என் தொழிலுக்காகச் சேர்க்கிறேன். கூடைக்குள் ஏறும் பழக்கம்தான் எல்லாவற்றிலும் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது. ஊசி போடும் நாளன்று மட்டும் பரணிலிருந்து கூடையை இறக்கினால், அதன் கைப்பிடிச் சத்தத்துக்கே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூடை எப்போதும் ஹாலில் திறந்தே கிடக்கட்டும், மேல்மூடியைக் கழற்றி, உள்ளே அது படுத்த துணியோடு. வேளைச் சோற்றையே உள்ளே வைக்கலாம். பிறகு மூடியைப் பொருத்துங்கள், கதவை ஒரு நொடி சாத்தித் திறங்கள், தூக்கி நாலடி நடந்து இறக்குங்கள். 2018-இல் வெளிவந்த வியன்னா ஆய்வு ஒன்றில், இப்படிக் கூடைக்குப் பழக்கிய பூனைகள் பயணத்தின்போதும் மருத்துவப் பரிசோதனையின்போதும் மற்றவற்றைவிடக் குறைந்த பதற்றத்தோடு இருந்தன. அது என் மேஜையிலும் தெரிகிறது. பழகிய பூனைக்குக் காது பார்க்க ஒரு ஆள் போதும்; பழகாததற்கு இரண்டு பேரும் ஒரு கனத்த துண்டும் வேண்டும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. பூனைக்குச் சொல் புரிகிறதா? ஜப்பானில் 2019-இல் வெளியான ஆய்வில், பூனையின் பெயரைப் போலவே நீளமும் ஒலிப்பும் கொண்ட வேறு சொற்களை வரிசையாக ஒலிக்கவிட்டு, அது சலித்துப்போன நேரத்தில் பெயரைச் சொன்னார்கள். பல பூனைகளின் காதும் தலையும் மறுபடி அசைந்தன. தன் பெயரைப் பிரித்தறிகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அது தன்னைக் குறிக்கிறது என்று அதற்குத் தெரியுமா, அல்லது தீனிக்கோ கொஞ்சலுக்கோ முன்னால் வரும் சத்தம் என்ற அளவில் நிற்கிறதா என்பதை இந்தச் சோதனை தீர்க்கவில்லை. நிறையப் பூனைகள் கூட்டாக வாழும் பூனை கஃபேயில் அவை தங்கள் பெயரையும் மற்றப் பூனைகளின் பெயரையும் பிரித்தறிந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் புஜ்ஜி, பஞ்சு என்று இரண்டு இருந்தால் தனித்தனி அறையில் பழக்குவது உத்தமம்.

கற்றுவிட்டது என்று நாம் நம்புவதிலும் ஏமாற்றம் உண்டு, ஆராய்ச்சியாளர்களே தப்பவில்லை. 1946-இல் கத்ரி, ஹார்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், நட்டு வைத்த ஒரு கம்பை அசைத்தால் கதவு திறக்கும் பெட்டியில் பூனைகளை விட்டார்கள். அவை ஒவ்வொன்றும் தன் பாணியில் அச்சுப் பிசகாமல் கம்பில் உரசி வெளியே வந்தன. கற்றலுக்கு இது பெரிய சான்று என்று பேசப்பட்டது. 1979-இல் மூர், ஸ்டட்டர்ட் என்ற இருவர் எந்தப் பரிசும் இல்லாமல் அதே மாதிரி கம்பை வைத்துப் பார்த்தார்கள். பார்வையில் ஆள் இருந்தால் பூனை கம்பில் உரசியது, ஆள் இல்லாவிட்டால் உரசவில்லை. காலில் உரசி வரவேற்பதைத்தான் கம்பில் செய்திருக்கிறது! ஆகவே புஜ்ஜியையும் சோதித்துப் பாருங்கள். கையை அசைக்காமல் சொல்லை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் அதே கையசைவோடு ‘உப்புமா’ என்று சொல்லுங்கள். உப்புமாவுக்கும் உட்கார்ந்தால் அது கற்றது உங்கள் கையைத்தான். அதில் குறை ஒன்றும் இல்லை, கையசைவும் நல்ல கட்டளைதான். காது கேளாத பூனைகளை அப்படித்தான் பழக்குகிறோம்.

பயிற்சியால் தீராதவையும் உண்டு. பிறந்து இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதர் கை படாத தெருப்பூனை, எவ்வளவு பழக்கினாலும் ஓரளவுக்கு மேல் நெருங்காமல் போகலாம். நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பிறவிச் செவிடு அதிகம். நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்த பூனை திடீரென்று உட்கார மறுத்தால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரிடம் அதன் காதையும் இடுப்பையும் காட்டுங்கள். மணல் தட்டில் முக்கிக்கொண்டு நிற்கும் கடுவனை அன்றே தூக்கிக்கொண்டு வாருங்கள், சிறுநீர் அடைப்பு ஒரு நாள் தாங்காது.

கடைசியாக, ராத்திரி வெளியே ஓடுவதை நிறுத்த என்ன சொல் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். எட்டு மாதக் கடுவன், இன்னும் கருத்தடை செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு வீடு தள்ளிப் பெட்டைப் பூனை பருவத்துக்கு வந்து கத்தும்போது கோழிக்கறிக்குக்கூட மதிப்பு இருக்காது. ‘வா’ என்ற சொல் எந்த மூலைக்கு? பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி அறுவைக்கு நாள் வாங்குங்கள், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். அதற்குள் கூடைப் பழக்கத்தை ஆரம்பித்துவிட்டால் போகிற வழியில் உங்கள் கை பிழைக்கும். அறுவைக்குப் பிறகு சுற்றல் குறைய சில வாரம் எடுக்கும், பசியும் கூடும். அதனால் மொத்தத் தீனியைக் கொஞ்சம் குறைத்து, அதிலிருந்தே பயிற்சித் துணுக்கை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.